கொதிக்க வைத்தால் அசராது, குலுக்கினால் குலைந்துபோகும்!

புரதம் என்றாலே சூட்டுக்கு ஆகாது. வெந்த முட்டையின் வெள்ளைக்கருவே சாட்சி. ஆனால் கொதிநீரில் போட்டாலும் கலங்காத ஒரு புரதம் உங்கள் மூளையிலேயே இருக்கிறது, தெரியுமா? பெயர் ஆல்ஃபா சினூக்ளின். நரம்பணுக்கள் சேதி கடத்திக்கொள்ளும் சினாப்ஸ் முனைகளில் குவிந்து கிடப்பது. மொத்தமே 140 அமினோ அமிலங்கள். புரதங்களில் பொடியன்!

1988-இல் இது விஞ்ஞானிகள் கையில் சிக்கியது மின்திருக்கை மீனின் மின் உறுப்பிலிருந்து!

இன்று ஆய்வகங்களுக்கு வேண்டிய மனிதச் சினூக்ளினைச் செய்து கொடுப்பது யார் தெரியுமா? ஈ.கோலை பாக்டீரியா! மனித மரபணுவை அதற்குள் நுழைத்துவிட்டால், தனக்குச் சம்பந்தமே இல்லாத இந்தப் புரதத்தைச் சளைக்காமல் செய்து குவிக்கும். பிறகு பாக்டீரியாவை உடைத்து, வரும் குழம்பை அப்படியே கொதிக்க வைக்கிறார்கள். பாக்டீரியாவின் சொந்தப் புரதங்களில் பெரும்பாலானவை திரிந்து கட்டியாகிவிடும். மையவிலக்கியில் சுழற்றினால் அடியில் வெள்ளை வண்டல், மேலே தெளிந்த நீர். சினூக்ளின் அந்தத் தெளிவில் ஹாயாக இருக்கும்! சூட்டில் குலைய அதனிடம் நிலையான மடிப்பே கிடையாதே!

இவ்வளவு கெட்டிக்காரப் புரதத்தைக் கெடுக்க என்ன வேண்டும்? நம் உடம்புச் சூடான 37 டிகிரியில் வைத்து, ஒரு வாரம் விடாமல் குலுக்கினால் போதும். ஒன்றோடொன்று கோத்து நீள நீள இழைகளாகிவிடும். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் காணப்படும் லூயி திரள்களிலும் இதே புரதம்தான் இழையிழையாக அடைந்து கிடக்கிறது. 1997-இல் கண்டுபிடித்தார்கள்.

அதே 1997-இல் இன்னொரு அதிசயம். தெற்கு இத்தாலியின் கோன்டுர்சியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பார்க்கின்சன். காரணம், சினூக்ளினின் 53-ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகத் திரியோனின். ஒரே ஓர் எழுத்துப் பிழை மாதிரி! வேடிக்கை என்னவென்றால், சுண்டெலிக்கு அந்த இடத்தில் இயல்பாகவே திரியோனின்தான். அதற்கு ஒன்றும் ஆவதில்லை! ஆனால் 2012-இல், சுண்டெலிச் சினூக்ளினில் செய்த இழைகளை நலமான சுண்டெலிகளின் மூளையில் ஒரே ஒரு முறை செலுத்தியபோது, கோளாறு மூளைக்குள் பரவிக்கொண்டே போனது. ஆய்வகங்களில் இந்த இழைகளை அத்தனை பயபக்தியோடு கையாள்வது சும்மா இல்லை.

கெட்டுப்போகும் இந்தக் குணத்தையே நோயைக் கண்டறியும் வேலைக்கு வைத்துவிட்டார்கள்! முதுகுத்தண்டு நீரில் ஒரு சொட்டு, அதோடு பாக்டீரியா செய்து தந்த நல்ல சினூக்ளின், கூடவே இழையைக் கண்டால் ஒளிரும் தயோஃபிளேவின் சாயம். நோயாளியின் நீரில் கெட்ட இழையின் துணுக்கு இருந்தால், நல்லதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு இழையாகும். சோதனைத் தட்டின் குழியில் ஒளி ஏறும். 2023-இல் வெளியான பெரிய ஆய்வில், பார்க்கின்சனோடு மோப்பசக்தியும் குறைந்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு ஒளிர்ந்தது. இன்னும் கைநடுக்கமே தொடங்காத, வாசனை மட்டும் மங்கிப்போன பலருக்கும்கூட!