பழைய மகிழுந்துகளின் காப்பீடும் பராமரிப்புச் செலவும்

பழைய மகிழுந்து (கார்) ஒன்றை வைத்திருப்பதற்கு ஆண்டுதோறும் ஆகும் செலவு என்பது காப்பீட்டுக் கட்டணம், பதிவுப் புதுப்பிப்பு, வரி, எரிபொருள், பழுதுபார்ப்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகை ஆகும். வண்டியின் வயது ஏற ஏற இவற்றுள் சில குறையும், சில கூடும், சில மாறுவதே இல்லை. இக்கட்டுரையில் கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி நகரியம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. 1956 இல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் (2016 முதல் என்.எல்.சி. இந்தியா) ஊழியர்களுக்காக அமைந்த இந்நகரியம், எண்ணிடப்பட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வீடு, பணியிடம், கடைத்தெரு ஆகியவை சில கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே இருப்பதால் இங்கு வண்டி நாள்தோறும் ஓடினாலும் ஓடும் தொலைவு குறைவு.

மூன்றாம் நபர் காப்பீடு

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 146 ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். வண்டி மோதி இறந்தவருக்கோ காயமுற்றவருக்கோ இழப்பீடு கிடைப்பதை உறுதிசெய்வதே இதன் நோக்கம். கட்டணத்தை அரசே அறிவிக்கிறது. 2022 சூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணம் 1000 கன செ.மீ. வரையிலான தனியார் மகிழுந்துக்கு ₹2,094, 1500 வரை ₹3,416, அதற்கு மேல் ₹7,897 ஆகும். இவற்றின் மீது வரி தனி.

இக்கட்டணம் வண்டியின் வயதைப் பொறுத்ததன்று. பழைய வண்டிக்கு மதிப்பே இல்லாதபோது ஏன் இவ்வளவு கட்ட வேண்டும் என்று பலர் கேட்பதுண்டு. இருபது ஆண்டு பழைய வண்டி மோதினாலும் புதிய வண்டி மோதினாலும் அடிபட்டவரின் கால் முறிவு ஒன்றே என்பதுதான் விடை. மரணத்துக்கும் காயத்துக்குமான இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை பல இலட்சங்களாக இருக்கலாம். காப்பீடு இல்லையெனில் அது உரிமையாளரின் சேமிப்பிலிருந்தும் வீட்டிலிருந்தும் பெறப்படும். அதனுடன் ஒப்பிட்டால், காப்பீடின்றி ஓட்டுவதற்கு 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் விதிக்கும் ₹2,000 தண்டம் மிகச் சிறியது.

சுய சேதக் காப்பீடு

சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதம், திருட்டு, இயற்கைப் பேரிடர் ஆகியவற்றை ஈடுசெய்யும் இப்பகுதி கட்டாயமானது அன்று. இதன் கட்டணம் காப்பீடு செய்யப்பட்ட மதிப்பை (ஐ.டி.வி.) அடிப்படையாகக் கொண்டது. 2002 ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டணப் பட்டியலின்படி, அம்மதிப்பு ஓராண்டை நெருங்கும் வண்டிக்கு 15%, ஐந்தாண்டை நெருங்கும் வண்டிக்கு 50% எனக் குறைக்கப்படும். ஐந்தாண்டுக்கு மேல் அட்டவணை இல்லை. நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வர். 2007 சனவரி 1 முதல் இக்கட்டணத்தை நிறுவனங்களே வகுத்துக்கொள்கின்றன.

பழைய பட்டியலைக் கொண்டே ஒரு கணக்கு பார்க்கலாம். அதன்படி சென்னை உள்ளிட்ட பெருநகரங்கள் 'அ' மண்டலத்திலும், நெய்வேலி போன்ற பிற ஊர்கள் 'ஆ' மண்டலத்திலும் அடங்கும். 'ஆ' மண்டலத்தில் 1000 கன செ.மீ.க்கு உட்பட்ட, பத்தாண்டு கடந்த வண்டிக்கு விகிதம் 3.267%. மதிப்பு ₹80,000 எனில் கட்டணம் ஏறத்தாழ ₹2,614. ஐந்தாண்டுகள் இழப்பீடு கோராதிருந்தால் கிடைக்கும் 50% தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) போக ₹1,307.

இனி விபத்து நேர்ந்தால் என்ன கிடைக்கும்? பத்தாண்டு கடந்த வண்டியின் உலோக உதிரிகளுக்குத் தேய்மானமாக 50% கழிக்கப்படும். இரப்பர், நெகிழி, மின்கலம் ஆகியவற்றுக்கு எந்த வயதிலும் 50%. கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. ஆகவே ₹6,000 மதிப்புள்ள கதவுக்கு ₹3,000 கிடைக்கும். அதிலும் கட்டாயப் பிடித்தம் உண்டு. ஒருமுறை கோரினாலே அடுத்த ஆண்டு தள்ளுபடி முழுவதும் பறிபோகும். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். ஆதலால் பழைய வண்டிக்குச் சிறு கீறல்களை முன்னிட்டு இக்காப்பீட்டை எடுப்பதில் பயன் குறைவு. பேரிழப்பு நேர்ந்தால்தான் இது கைகொடுக்கும்.

நெய்வேலியில் அப்பேரிழப்பு கற்பனையன்று. 2011 திசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயலில் நகரியத்தின் மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. நிறுத்திவைத்த வண்டியின் மேல் மரம் விழுந்தால் மூன்றாம் நபர் காப்பீடு ஒரு காசும் தராது. நிழலுக்காக மரத்தடியில் வண்டியை விடும் ஊரில் ₹1,307 மிகையான செலவாகாது.

பதிவும் வரியும்

தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதி ஆய்வு செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இக்கட்டணம் 2022 ஏப்ரலில் ₹600 இலிருந்து ₹5,000 ஆகவும், 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகத்தில் ₹10,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்குப் பசுமை வரியும் உண்டு.

எரிபொருளும் பழுதும்

ஆண்டுக்கு 3,000 கி.மீ., லிட்டருக்கு 15 கி.மீ., பெட்ரோல் விலை ₹100 எனக் கொண்டால் எரிபொருள் செலவு ₹20,000. எத்தனால் 20% கலந்த பெட்ரோலால், அதற்கென வடிவமைக்கப்படாத மகிழுந்துகளின் எரிபொருள் திறன் 6 முதல் 7% வரை குறையலாம் என நிதி ஆயோக்கின் 2021 ஆம் ஆண்டுத் திட்ட ஆவணம் குறிப்பிட்டது. 6% என்றாலே ஆண்டுக்கு ஏறத்தாழ ₹1,300 கூடும். மேற்கண்ட சுய சேதக் கட்டணமும் கிட்டத்தட்ட அதே தொகைதான். பழைய இரப்பர்க் குழாய்களையும் அடைப்பான்களையும் எத்தனால் விரைவில் கெடுக்கக்கூடும்.

குறைவாக ஓட்டுவதால் எல்லாச் செலவும் குறைந்துவிடாது. இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் இயந்திரம் முழுச் சூடு அடைவதில்லை. மின்கலமும் போதிய மின்னேற்றம் பெறுவதில்லை. பட்டை தேயாவிட்டாலும் சக்கரத்தின் இரப்பர் வயதினால் வெடிக்கும். மாருதி 800, அம்பாசடர் ஆகியவற்றின் உற்பத்தி 2014 இல் நின்றுவிட்டது. இத்தகைய வண்டிகளின் பழைய உதிரிகளுக்குச் சென்னைப் புதுப்பேட்டைச் சந்தை பெயர்பெற்றது.

விற்கும்போது

பணி ஓய்வு பெற்று ஊர் திரும்புவோர் வண்டியை விற்றுச் செல்வது நகரியங்களில் இயல்பு. விற்றவர் பெயரிலேயே பதிவு நீடித்தால், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என 2018 இல் உச்சநீதிமன்றம், பலர் கைமாறிய ஒரு மகிழுந்து தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. வாங்குபவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு வண்டியுடன் தானே சென்றுவிடும். சுய சேதக் காப்பீடு அவ்வாறு செல்லாது. இழப்பீடு கோராமைத் தள்ளுபடியோ வண்டிக்கு உரியதன்று, விற்றவருக்கு உரியது. அதை அவர் தமது அடுத்த வண்டிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.