நாற்சந்தியில் நின்ற இளவரசன்

குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் படத்தில் பெரியோர் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போர் நம்மிடையே உண்டு. கேள்வி நியாயமானதே. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து பொழுதைப் போக்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பெருமூச்சு விடாத பெற்றோர் எவர்? ஆயினும், நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த திருச்சபையின் பெருந்தந்தை புனித பசிலியார், பிற சமயத்தார் இயற்றிய இலக்கியங்களை இளைஞர்கள் எவ்வாறு கற்க வேண்டும் என்று அறிவுரை கூறுகையில், தேனீயை முன்மாதிரியாகக் காட்டினார். தேனீ எல்லா மலரையும் நாடுவதில்லை. நாடிய மலரிலும் தனக்குத் தேவையானதை மட்டுமே எடுத்துக்கொண்டு எஞ்சியதை விட்டுவிடுகிறது. அந்தத் தேனீயின் கண்கொண்டு, பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் ஒரு சித்திரத் தொடரின் ஒரேயொரு பகுதியை இங்கே காண்போம்.

அத்தொடரின் பெயர் ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’. மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கோனியெட்ஸ்கோ என்னும் இருவர் உருவாக்கிய இத்தொடர், அமெரிக்காவின் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 2005 பிப்ரவரி முதல் 2008 ஜூலை வரை, மூன்று பாகங்களில் 61 பகுதிகளாக ஒளிபரப்பானது. இரண்டாம் பாகத்தின் இறுதிப் பகுதி 2006 டிசம்பர் 1ஆம் நாள் வெளியாயிற்று. ‘விதியின் நாற்சந்தி’ என்று பொருள்படும் தலைப்புடைய அப்பகுதியே கதை முழுவதற்கும் திருப்புமுனை.

தந்தையின் கை இட்ட தழும்பு

நீர், நிலம், நெருப்பு, காற்று ஆகிய நான்கையும் ஆளும் நான்கு மக்களினங்கள் வாழும் கற்பனை உலகம் அது. நெருப்பு நாடு பிற நாடுகளின் மீது தொடுத்த போர் நூறாண்டுகளாக நீடிக்கிறது. காற்றின் மக்கள் அடியோடு அழிக்கப்பட்டுவிட்டனர். அவர்களுள் எஞ்சியவன் ஆங் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். நான்கு ஆற்றல்களையும் ஒருங்கே ஆளவல்ல அவனாலேயே உலகில் அமைதி திரும்பும். கட்டாரா என்னும் பெண்ணும் அவளுடைய அண்ணன் சொக்காவும் அவனுக்குத் துணை நிற்கின்றனர்.

ஆனால், நம் சிந்தனைக்குரியவன் ஆங் அல்லன். அவனை விரட்டிப் பிடிக்கப் புறப்பட்ட நெருப்பு நாட்டு இளவரசன் சூக்கோ. பதின்மூன்று வயதில் அவன் போர் மன்றத்தில் அமர்ந்திருந்தபோது, புதிதாய்ச் சேர்ந்த இளம் வீரர்களைப் பகைவருக்கு இரையாக விடும் திட்டம் ஒன்றைத் தளபதி ஒருவர் முன்வைத்தார். அது தகாது என்று சிறுவன் எழுந்து சொன்னான். அதற்குத் தண்டனையாகத் தன் தந்தையாகிய அரசன் ஓசாயுடனேயே போரிடும்படி பணிக்கப்பட்டான். அவன் போரிட மறுத்து, மண்டியிட்டு மன்னிப்பு வேண்டினான். தந்தையோ மகனின் முகத்தை நெருப்பால் சுட்டு, நாட்டைவிட்டுத் துரத்தினார். அவதாரைப் பிடித்து வந்தாலன்றி அவனுக்கு மானமும் இல்லை, வீடும் இல்லை என்பது கட்டளை.

துரத்தப்பட்ட பிள்ளையோடு தாமாகவே புறப்பட்டவர் ஒருவர் உண்டு. அவர் சூக்கோவின் பெரியப்பா ஐரோ. ஒரு காலத்தில் பெருந்தளபதியாய் விளங்கி, பா சிங் சே என்னும் மாநகரை 600 நாட்கள் முற்றுகையிட்டவர். அந்த முற்றுகையில் தம் ஒரே மகனை இழந்து, போரின் வெறுமையை உணர்ந்து திரும்பியவர். மகனை இழந்த தந்தை, தந்தையை இழந்த மகனுக்குத் தந்தையானார்.

தேநீர்க் கடையில் ஒரு புதுவாழ்வு

காலம் சுழல்கிறது. சொந்த நாடே இருவரையும் குற்றவாளிகளாக அறிவிக்க, அவர்கள் அகதிகளாகி, அதே பா சிங் சே நகரில் அடைக்கலம் புகுகின்றனர். முன்பு படையோடு வந்து மதிலை முட்டிய தளபதி, இப்போது அந்நகர மக்களுக்குத் தேநீர் வழங்குகிறார். அதில் மகிழ்ச்சியும் காண்கிறார். இளவரசனோ தட்டேந்தி நிற்பதை முதலில் இழிவாக எண்ணுகிறான். ஆயினும் சிறிது சிறிதாக அவன் நெஞ்சம் இளகுகிறது. ஆங் வளர்த்த பறக்கும் எருது சிறைப்பட்டிருப்பதைக் கண்டபோது, பெரியப்பாவின் சொல் கேட்டு அதை விடுவிக்கிறான். தன் வாழ்வில் முதன்முறையாகத் தன் இலக்கைத் தானே கைவிட்டதால் ஏற்பட்ட போராட்டத்தில் கடுங்காய்ச்சலுற்றுப் படுத்து, எழும்போது முகம் மலர்ந்தவனாய் எழுகிறான். பார்ப்போர் அனைவரும், பிள்ளை மனம் மாறிவிட்டான் என்றே நம்புகின்றனர்.

நிலவறையில் நடந்தது

அந்நேரத்தில்தான் அவன் தங்கை அசூலா சூழ்ச்சியால் நகருக்குள் புகுகிறாள். சூக்கோ சிறைபிடிக்கப்பட்டு, நகருக்கு அடியிலுள்ள பளிங்குப் பாறைகள் ஒளிரும் நிலவறையில் தள்ளப்படுகிறான். அங்கே கட்டாராவும் கைதியாய் இருக்கிறாள். நெருப்பு நாட்டாரால் தன் தாயை இழந்ததைச் சொல்லி அவள் அழ, தானும் தாயை இழந்தவனே என்கிறான் அவன். பகைவர் இருவர் துயரத்தால் உறவாகும் நேரம் அது. அவளிடம் வடதுருவத்தின் புனித நீர் ஒரு சிறு குப்பியில் இருக்கிறது. ஒரே முறை மட்டும் பயன்படக்கூடிய அந்நீரால் அவன் முகத்தழும்பைக் குணமாக்க முன்வந்து, அவள் தன் கையை அவன் கன்னத்தில் வைக்கிறாள்.

அக்கணத்தில் பாறையை உடைத்துக்கொண்டு ஆங்கும் ஐரோவும் வந்து சேர்கின்றனர். பெரியப்பா பிள்ளையைத் தழுவிக்கொள்கிறார். நீ பழைய சூக்கோ அல்லன், முன்னைவிட வலிமையும் தெளிவும் விடுதலையும் பெற்றவன், இப்போது நன்மையைத் தெரிந்துகொள்ளும் நேரம் வந்துவிட்டது என்ற கருத்துப்பட மன்றாடுகிறார். ஆனால் அசூலாவும் அங்கே வந்து, ஐரோவைப் பாறைக்குள் சிறைப்படுத்திவிட்டு, அண்ணனிடம் இனிய சொல் பேசுகிறாள். இன்று மாலைக்குள் உன் மானம் திரும்பும், தந்தையின் அன்பு திரும்பும், முடிவு உன்னுடையது என்று சொல்லி அகல்கிறாள்.

சூக்கோ தலைகுனிந்து நிற்கிறான். பின்பு போர்க்களம் செல்கிறான். தங்கையின் பக்கம் நின்று ஆங்கின் மீது நெருப்பை ஏவுகிறான். அசூலாவின் மின்னல் பாய்ந்து ஆங் வீழ்கிறான். விடுபட்டு வந்த ஐரோ, சிறுவனைத் தூக்கிக்கொண்டு கட்டாரா தப்புவதற்காகத் தாம் தனியே நின்று எல்லாரையும் எதிர்க்கிறார். அவர்கள் தப்பியதும் கைகளைத் தாழ்த்திச் சரணடைகிறார். சூக்கோவின் தழும்புக்கென்று ஏந்தப்பட்ட அந்த நீரே ஆங்கின் உயிரை மீட்கிறது. நகரம் வீழ்கிறது.

ஏன் வீழ்ந்தான்?

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். சூக்கோவுக்கு வந்த சோதனை பொன்னாசை அன்று, இன்பமும் அன்று. வீடு, தந்தை, நற்பெயர் ஆகிய நல்லவையே அவனை இழுத்தன. அலகை நம்மிடம் வரும்போது கொம்போடும் வாலோடும் வருவதில்லை. பெரும்பாலும் நாம் ஏங்கும் நன்மை ஒன்றைக் கையில் ஏந்தியே வருகிறது. பாலைநிலத்தில் நம் ஆண்டவருக்கு முன்னும் அது முதலில் வைத்தது அப்பந்தானே!

இன்னொன்றும் உண்டு. காய்ச்சலிலிருந்து எழுந்தவன் மனம் மாறியதாகவே தோன்றினான். ஆனால் தந்தை ஒருநாள் என்னை ஏற்றுக்கொள்வார் என்ற பழைய ஏக்கம் உள்ளே ஆறாத புண்ணாய் மூடிக்கிடந்தது. கூட்டித் துடைக்கப்பட்ட வீட்டுக்குள், துரத்தப்பட்ட தீய ஆவி மற்றும் ஏழு ஆவிகளோடு திரும்பி வருவதை இயேசு பெருமான் எச்சரித்தாரல்லவா (லூக்கா 11)? வீட்டைப் பெருக்கினால் மட்டும் போதாது. அதில் யார் குடியிருக்கிறார் என்பதே கேள்வி. தவக்காலத்தில் ஒருமுறை அழுது, உயிர்ப்பு விழாவிற்குப் பின் பழைய வழிக்கே திரும்பும் நம்மில் எவர் சூக்கோவின் மீது கல்லெறிய முடியும்?

கேட்டதெல்லாம் கிடைத்த பின்

விரும்பியதெல்லாம் அவனுக்குக் கிடைத்தது. அரண்மனை கிடைத்தது, தந்தையின் புகழ்ச்சி கிடைத்தது. ஆனால், அவதாரைக் கொன்றவன் நீயே என்ற பொய்யின் மேல் எழுந்த புகழ்ச்சி அது. அமைதி மட்டும் கிடைக்கவில்லை. சிறையிலிருந்த பெரியப்பாவைக் காண இரவில் செல்கிறான். அவரோ ஒரு சொல்லும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆயிரம் கடுஞ்சொல்லினும் அந்த மௌனம் அவனைச் சுட்டது.

2007 நவம்பரில் வெளியான பகுதியில் அவன் தந்தையின் முன்னே நின்று உண்மையைச் சொல்லி, அவர் செய்த கொடுமையைக் கொடுமை என்று பெயரிட்டு, அரண்மனையைவிட்டு வெளியேறுகிறான். பின்பு சென்று சேர்வது எங்கே? தான் வேட்டையாடிய ஆங்கிடமே. அங்கே அவனுக்கு மாலையிடவில்லை. ஐயமும் ஏச்சுமே வரவேற்றன. நிலவறையில் தன் கன்னத்தைத் தொட்ட கட்டாராவே அவனை மன்னிக்க நெடுநாள் எடுத்துக்கொண்டாள். அவன் முறையிடவில்லை, உழைத்தான், காத்திருந்தான். ஆன்ம சோதனை, உள்ளத் துயர், பிரதிக்கினை, பாவ அறிக்கை, பரிகாரம் என்று ஞானோபதேச வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த ஐந்தும் இந்தச் சித்திரக் கதையில் வரிசையாய் நடந்தேறுவதைக் காணலாம்.

கூடாரத்தில் விடிந்த காலை

2008 ஜூலையில் வெளியான நிறைவுப் பகுதிகளில், சிறையிலிருந்து தப்பிய பெரியப்பாவின் கூடாரத்தைத் தேடி வருகிறான் சூக்கோ. அவர் உறங்குகிறார். எழுப்பத் துணிவின்றி இரவு முழுதும் அருகே மண்டியிட்டுக் காத்திருக்கிறான். விடிகிறது. அவர் முதுகு காட்டி அமர்ந்திருக்க, கண்ணீரோடு தன் பிழையைச் சொல்லத் தொடங்குகிறான். சொல்லி முடிக்கவில்லை. முதியவர் திரும்பி, அவனை இழுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறார். கோபமாய் இருப்பீர்கள் என்று நினைத்தேனே என்கிறான் பிள்ளை. அவர் கோபப்பட்டதே இல்லை. நீ வழிதவறிப் போனாயோ என்றே கலங்கினாராம்.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தை அறிந்த எவரும் இங்கே கண்கலங்காமல் இருக்க முடியாது. ஊதாரி மகனும் வழிநெடுக ஒரு வசனத்தை ஆயத்தம் செய்துகொண்டே வருகிறான். தன்னைக் கூலியாளாகவேனும் வைத்துக்கொள்ளும்படி கேட்க நினைக்கிறான். அந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லத் தந்தை இடமே தரவில்லை. முழங்கால் படியிடுகையில் நாம் காண அஞ்சும் முகமும் இத்தகைய முகமே. பேதுரு மறுதலித்தார், யூதாசு காட்டிக்கொடுத்தான். திரும்பி வந்தவர் ஒருவரே. வேறுபாடு அவ்வளவுதான்.

பெற்றோருக்கு ஒரு சொல்

இத்தொடர் ஆசிய நாடுகளின் பல்வேறு சமயக் கருத்துக்களைத் தழுவிப் புனையப்பட்டது. மறுபிறவி போன்றவை நம் விசுவாசத்துக்கு உரியவை அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை. அதற்காகத் தேனையும் சேர்த்துக் கொட்டிவிட வேண்டியதில்லை.

இக்கதையில் தந்தையர் இருவர் உள்ளனர். ஒருவர், வென்று வந்தால் நீ என் மகன் என்கிறார். மற்றவர், தோற்று வந்தாலும் நீ என் மகன் என்கிறார். மதிப்பெண் பட்டியல் வீட்டுக்கு வரும் நாளில் நம் பிள்ளைகள் நம்மில் எவரைக் காண்கிறார்கள்? முதலிடம் பெற்ற அண்ணனோடு தம்பியை ஒப்பிட்டு நாம் வீசும் சொல், அவன் நெஞ்சில் எத்தனை ஆண்டு தழும்பாய் நிற்கும்? அந்த அன்பின் பசியே நாளை அவனை எந்த அசூலாவின் இனிய சொல்லுக்கும் இரையாக்கும் என்பதை நாம் மறக்கலாகாது.

ஐரோ பிள்ளையைக் கட்டிப்போடவில்லை; வழியைக் காட்டினார், மன்றாடினார், அவன் தவறிய வழியைத் தெரிந்துகொண்டபோது அதன் விலையைத் தாமே செலுத்தினார். பாகத்தைக் கேட்ட மகனுக்குப் பிரித்துக்கொடுத்துவிட்டு, வாசலில் நின்று தொலைவை நோக்கிய தந்தையும் அவ்வாறே செய்தார். விட்டுக்கொடுத்தபின் கதவைச் சாத்தாமல் வைத்திருக்கும் அன்பே மீட்கும் அன்பு.

அன்பார்ந்த குடும்பத்தாரே! உங்கள் வீட்டைவிட்டு, அல்லது உங்கள் மனத்தைவிட்டு விலகிச் சென்ற மகனோ, மகளோ, உடன்பிறந்தாரோ இருக்கலாம். இன்றிரவு குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணியை அவருக்காக ஒப்புக்கொடுங்கள். விடியும்போது அவர் வாசலில் நின்றால், சொல்லி முடிக்கும்வரை காத்திராதேயுங்கள்.