மாரிகாலத்தில் மோட்டார் சைக்கிளில் பயணம்: கையுறையைத் தெரிவு செய்வது எப்படி?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய பகுதிகளில் குடியேறிய குடும்பங்களில் பல, இன்று இரண்டு இடங்களில் வாழ்கின்றன. பிள்ளைகளின் பாடசாலை புத்தளத்தில் இருக்கிறது. துப்புரவு செய்ய வேண்டிய காணியும் கட்டி முடிக்க வேண்டிய வீடும் முசலியில் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் இடையில் பலர் மோட்டார் சைக்கிளிலேயே சென்று வருகிறார்கள்.

வயல் வேலை மழையை நம்பியது. பெரும்போக விதைப்பு தொடங்குவதும் மாரி தொடங்குவதும் ஒரே காலம். ஆகவே "மழை முடிந்தபின் போகலாம்" என்று இருக்க முடியாது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான இந்தப் பயணங்களில் கைகளை எப்படிப் பாதுகாப்பது, அதற்கான கையுறையை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை இங்கே விளக்குகிறோம்.

எமது வெப்பமான ஊரில் கை குளிருமா?

குளிரும். மார்கழி, தை மாதங்களில் புத்தளத்திலும் மன்னாரிலும் சில விடியற்காலைகளில் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் அளவுக்குக் குறையும். முற்றத்தில் நிற்பவருக்கு அது இதமான குளிர்தான். சுபஹ் தொழுதுவிட்டு, நனைந்த கையோடு மோட்டார் சைக்கிளில் புறப்படுபவருக்கு அது வேறு. ஈரம் உலரும்போது தோலிலிருந்து வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வேகமாக வீச வீச இது விரைவாக நடக்கிறது. ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கைகள்தான் அந்தக் காற்றை முதலில் வாங்குகின்றன.

குளிர்ந்த விரல்கள் விறைக்கும். விறைத்த விரல்கள் பிறேக்கைப் பிடிக்கத் தாமதமாகும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடும். வீதியில் மாடு குறுக்கே வரும்போது அந்த ஒரு செக்கன் பெரிய விடயம்.

விழும்போது முதலில் தரையில் படுவது கை

எவ்வளவு பழகிய ஓட்டுநரானாலும், விழும்போது தன்னை அறியாமலே உள்ளங்கையை ஊன்றுவார். கிறவல் வீதியில் அப்படி விழுந்தால் தோல் உரிவதோடு மண்ணும் கல்லும் காயத்துக்குள் புகுந்துவிடும். பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் உள்ள சிறிய எலும்பு உடைந்தால், அது பொருந்தப் பல வாரங்கள் எடுக்கும். மீன் வலை இழுப்பவருக்கும், வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்பவருக்கும், மேசனுக்கும், தையல் வேலை செய்பவருக்கும் அந்த வாரங்கள் வருமானம் இல்லாத வாரங்கள். வீடு கட்டும் வேலையும் அதோடு நின்றுவிடும்.

நல்ல கையுறை எலும்பு முறிவை முற்றாகத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தோல் உரிவதையும், கல் குத்துவதையும், அடியின் வேகத்தையும் அது வெகுவாகக் குறைக்கும்.

எவை பொருந்தாது?

கம்பளி நூலில் பின்னிய கையுறை: காற்று ஊடுருவும், நனைந்தால் பாரமாகிக் குளிரும், ஹேண்டிலில் வழுக்கும்.

இறப்பர்ப் புள்ளி வைத்த பருத்தி வேலைக் கையுறை: மலிவானது, பிடி கிடைக்கும். ஆனால் மழையில் ஊறிவிடும். விழுந்தால் இலகுவில் கிழியும். ஒன்றும் இல்லாததைவிட இது மேல், அவ்வளவே.

ஒட்டு வேலைக்குரிய தடித்த தோல் கையுறை: உறுதியானது. ஆனால் விறைப்பானது என்பதால் பிறேக், கிளச் பிடிகளை விரல்கள் உணராது.

பனி நாடுகளுக்கென்று செய்த பஞ்சு நிறைந்த கையுறை: பழைய உடுப்புக் கடைகளில் கிடைக்கும். எமது காலநிலைக்கு மிகத் தடிப்பானது. காலை ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் கை வியர்த்து, கழற்றி வைத்துவிடுவீர்கள்.

கையில் கட்டிய பொலித்தீன் பை: இதைப் பலர் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பை பிடியில் வழுக்கும். காற்றில் உப்பி, பிறேக் பிடியில் சிக்கவும் கூடும்.

எதைப் பார்த்து வாங்குவது?

1. உள்ளங்கை: ஆட்டுத் தோல் அல்லது மாட்டுத் தோலாக, பெருவிரலின் அடியிலும் சுண்டுவிரல் பக்கத்திலும் இரட்டை மடிப்பாக இருக்க வேண்டும். விழும்போது தேய்வது இந்த இரண்டு இடங்களுமே.

2. மேற்பகுதி: காற்றும் நீரும் இலகுவில் புகாத துணியாக இருக்கலாம். விரல் முட்டிகளின் மேல் கடினமான காப்பு இருப்பது நல்லது.

3. மணிக்கட்டு: இறுக்கிக் கட்டும் பட்டி கட்டாயம் வேண்டும். பட்டியை இறுக்கியபின் இன்னொருவரை விரல் நுனிகளைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அதை வாங்க வேண்டாம். விழும்போதும் அது கழன்றுவிடும்.

4. தையல்: உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். நுனியில் தடித்த தையல் உறுத்தினால், அரை மணி நேர ஓட்டத்தில் விரல் மரத்துப்போகும்.

5. தரக் குறியீடு: மோட்டார் சைக்கிள் கையுறைகளுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 13594 ஆகும். அதில் 1, 2 என இரண்டு மட்டங்கள் உண்டு. 2 கூடிய பாதுகாப்பு. உள்ளே தைத்த துண்டில் இந்த எண் இருக்கிறதா எனப் பாருங்கள்.

அளவு எடுப்பது

தையல்காரரின் அளவு நாடாவை, பெருவிரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையைச் சுற்றிப் பிடியுங்கள். ஏழு அங்குலம் என்றால் 7ஆம் அளவு, எட்டு என்றால் 8, ஒன்பது என்றால் 9. போட்டபின் கையைப் பொத்தி, ஹேண்டிலைப் பிடிப்பதுபோல் பிடித்துப் பாருங்கள். முடிந்தால் கடை வாசலில் நிற்கும் உங்கள் வண்டியிலேயே பிறேக்கையும் சிக்னல் சுவிட்சையும் இயக்கிப் பாருங்கள். இறுக்கமான கையுறை இரத்த ஓட்டத்தைக் குறைத்து, கையை மேலும் குளிரச் செய்யும்.

மழையில் ஓட்டும்போது

மழை அங்கியின் கைப்பகுதி கையுறைக்கு வெளியே இருக்கட்டும். ஓட்டும்போது கை கீழ்நோக்கிச் சரிந்திருப்பதால், கையுறைக்குள் அங்கியைச் செருகினால் நீர் முழுவதும் கையுறைக்குள்ளேயே வழியும். கையுறை நீர் புகாததாக இல்லாவிட்டால், மருந்தகத்தில் கிடைக்கும் மெல்லிய இறப்பர் கையுறையை உள்ளே அணியலாம். கை சற்று வியர்க்கும். ஆனால் காற்று படாது.

கலா ஓயா பெருகும்போது பாதை நீரில் மூழ்கும். புறப்படும் முன் பாதையின் நிலையை விசாரியுங்கள். ஓடும் நீருக்குள் வண்டியை இறக்காதீர்கள். அனுராதபுரம், மதவாச்சி வழியாகச் செல்வது நீண்ட பயணம். இடையில் நிறுத்தி விரல்களை மடக்கி நீட்டி, சூடாக ஒரு தேநீர் குடித்துச் செல்லுங்கள்.

பராமரிப்பு

கடற்கரையோரத்தில் உப்பும், மீன் ஏற்றுவோருக்கு மீன் நீரும் தோலை விறைக்கச் செய்யும். ஈரத் துணியால் துடைத்து, உள்ளே பத்திரிகைத் தாள் திணித்து, நிழலில் காயவிடுங்கள். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் தோல் வெடிக்கும். உள்ளங்கைப் பகுதியில் தேங்காய் எண்ணெய் பூசினால் பிடி வழுக்கும்.

பணம் போதாவிட்டால்

முதலில் தலைக்கவசம், ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும். இது சட்டத்தின்படியும் கட்டாயம். அடுத்தது பிறேக்கும் டயரும். அதன் பின்னரே கையுறை. தேய்ந்த டயரோடு ஓடும் வண்டிக்கு நல்ல கையுறை வாங்குவதில் பயனில்லை. பின்னால் இருக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் கை குளிரும், அவர்களும் விழுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

காயம்பட்டால்

சுத்தமான ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். மண் புகுந்த காயமென்றால் வைத்தியசாலையில் ஏற்பு ஊசி பற்றிக் கேளுங்கள். மணிக்கட்டு வீங்கி, பெருவிரலின் அடியில் அழுத்தும்போது வலித்தால், "சுளுக்கு" என்று எண்ணி எண்ணெய் தேய்க்காமல் எக்ஸ்றே எடுத்துப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கையில் உணர்வு குறைந்திருக்கலாம். பயணத்தின் பின் அவர்கள் கைகளைப் பார்த்துச் சோதிப்பது அவசியம்.

பாரதூரமான விபத்தென்றால், சுவசெரிய இலவச அம்பியூலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் அழையுங்கள். காட்டுப் பகுதியில் எல்லா இடத்திலும் தொலைபேசி அலை கிடைக்காது என்பதால், இயன்றவரை தனியே செல்லாதீர்கள். புறப்படும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அந்த இலக்கத்தை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. வீட்டை விட்டுப் புறப்பட்ட ஆண்டு அது; வீடு திரும்பும் வழியில் உதவிக்கு அழைக்கும் எண்ணும் அதுவே.