கணக்கில் கை வைத்தது யார்?

2018ஆம் ஆண்டு மே முதல் அக்டோபர் வரை, அமேசானில் பொருள் விற்றுவந்த சுமார் 100 வணிகர்களின் கணக்குகளுக்குள் முகம் தெரியாத ஆட்கள் புகுந்தார்கள். அவர்களின் குறி சரக்கு அல்ல. விற்ற பணம் எந்த வங்கிக் கணக்கில் சேர வேண்டும் என்ற விவரத்தை அழித்துவிட்டு, பார்க்லேஸ் வங்கியிலும் பிரீபே டெக்னாலஜிஸ் என்ற நிறுவனத்திலும் தாங்கள் வைத்திருந்த கணக்குகளின் எண்களைப் போட்டார்கள். வணிகர்களுக்கு வர வேண்டிய பணம் அங்கே போய்ச் சேர்ந்தது. அந்தக் கணக்குகளின் வரவு செலவைப் பார்க்க அனுமதி கேட்டு அமேசான் லண்டன் நீதிமன்றத்தை நாடியது. 2019இல்தான் விஷயம் வெளியே தெரிந்தது.

இதில் என்னை உறுத்துவது அந்த மாற்றத்தின் எளிமை. ஒரு எண்ணை அழித்து இன்னொரு எண்ணைத் தட்டினால் போதும், ஒரு குடும்பத்தின் மாத வருமானம் திசைமாறிவிடுகிறது. திருப்பூரில் பனியன் விற்பவரானாலும் வீட்டிலிருந்தபடி ஊறுகாய் விற்பவரானாலும், இன்று இந்த ஆபத்து எல்லோருக்கும் பொது.

நிலம் வாங்கப் போகிறவர் முதலில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். இன்று பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குப் போதாது. யார் யாருக்கு, எந்தத் தேதியில் எழுதிக்கொடுத்தார்கள் என்ற வரிசை வேண்டும். ஆன்லைன் விற்பனைக் கணக்குக்கு அந்த வரிசையைத் தருவது ஆடிட் லாக். டேலியில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு எடிட் லாக் என்று சொன்னால் சட்டென்று புரியும்.

உருப்படியான ஒரு பதிவு எப்படி இருக்கும்? வங்கிக் கணக்கு எண் மாறியது என்று மட்டும் சொன்னால் பயனில்லை. எந்தப் பயனர் மாற்றினார், எத்தனை மணிக்கு, எந்த ஐபி முகவரியிலிருந்து, எந்தக் கருவியில், பழைய எண் என்ன, புதிய எண் என்ன என்பது அத்தனையும் ஒரே வரியில் இருக்க வேண்டும். அந்த வரியைக் கணக்கின் உரிமையாளரே நினைத்தாலும் அழிக்க முடியக் கூடாது. திருத்தம் செய்தால் திருத்தமும் புதிய வரியாக ஏற வேண்டும். நேரத்தைப் படிக்கும்போது ஒரு கவனம் தேவை. பல தளங்கள் சர்வதேச நேரத்தில் (UTC) பதிகின்றன, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். இரவு 8 மணி என்று பதிவு காட்டினால் நமக்கு அது மறுநாள் அதிகாலை 1.30. கடை மூடிய பிறகு நடந்ததா, வேலை நேரத்தில் நடந்ததா என்பதே இதனால் மாறிப்போகும்.

வரிசை என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் துப்பு இருக்கிறது. திருட வந்தவர் பல நேரங்களில் எடுத்த எடுப்பில் வங்கி எண்ணைத் தொடமாட்டார். முதலில் மின்னஞ்சல் முகவரியை மாற்றுவார், அல்லது மொபைல் எண்ணை மாற்றுவார். எச்சரிக்கைச் செய்தி இனி உரிமையாளருக்குப் போகாது என்று உறுதியான பிறகு பணத்தில் கை வைப்பார். ஆகவே ஒரு மாற்றம் நடந்தால் அதன் தகவல் புதிய முகவரிக்கோ எண்ணுக்கோ மட்டுமல்லாமல் பழையதற்கும் போக வேண்டும். இதைச் செய்யாத தளம் தன்னிடம் கடை போட்டவருக்கு அநியாயம் செய்கிறது என்பேன்.

நம் பக்கத்துப் பிழை ஒன்று உண்டு, அதுதான் பெரியது. பல சிறிய நிறுவனங்களில் முதலாளி, கணக்கர், பேக்கிங் பார்ப்பவர், போட்டோ ஏற்றித் தருகிற பையன் எல்லோருக்கும் ஒரே லாகின். பாஸ்வேர்டு சுவரில் ஒட்டியிருக்கும். ஓடிபி முதலாளியின் போனுக்கு வரும், அவர் சத்தமாகப் படித்துச் சொல்வார். இப்படி நடக்கும் இடத்தில் லாக் எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் எல்லா வரியிலும் முதலாளி பெயர்தான் இருக்கும். நாளைக்குப் பிரச்சினை வந்தால், மாற்றியது நானல்ல என்று அவர் எப்படி நிரூபிப்பார்? ஆளுக்கொரு லாகின், அவரவர் வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும் என்ற ஏற்பாடு பெரிய தளங்கள் பலவற்றில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தயங்குவதற்கு நியாயமான காரணம் எதையும் நான் காணவில்லை.

தளத்தின் ஊழியர்களே உள்ளே கை வைத்தால்? 2020 செப்டம்பரில், ஆன்லைன் கடை அமைத்துத் தரும் ஷாப்பிஃபை நிறுவனம், தன் உதவிப் பிரிவைச் சேர்ந்த இருவர் 200க்கும் குறைவான கடைகளின் வாடிக்கையாளர் விவரங்களை எடுக்க முயன்றதாக அறிவித்தது. பிரிட்டன் போஸ்ட் ஆபீஸின் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் விவகாரம் இதைவிடக் கொடுமை. கிளைக் கணக்குகளுக்குள் வெளியிலிருந்து புகுந்து மாற்ற முடியும் என்பதை நிர்வாகம் நெடுங்காலம் மறுத்தது. மென்பொருள் திரையில் தவறாகக் காட்டிய பற்றாக்குறைக்காக, கிளை நடத்திய 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். உள்ளே வந்தது யார் என்ற பதிவு கணக்கை நடத்துகிறவர் கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தியச் சட்டம் பாதித் தூரம் வந்திருக்கிறது. கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில், அணைக்க முடியாத எடிட் லாக் இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. கணினி அமைப்புகளின் லாகுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஆனால் அந்தப் பதிவை விற்பவர் கண்ணில் காட்ட வேண்டும் என்று இந்த இரண்டுமே சொல்லவில்லை. தளம் வைத்திருக்கிறது, உரிமையாளர் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது. கணக்கு அவருடையது, பணம் அவருடையது, பதிவைப் பார்க்கும் உரிமையும் அவருக்குச் சட்டப்படி வேண்டும்.

அதுவரை நம்மால் ஆவதைச் செய்வோம். தளத்தில் லாக் இருந்தால் வாரம் ஒருமுறை இறக்கி, விற்பனைக் கணக்கோடு சேராத வேறு இடத்தில் வையுங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்க, பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஹாஷ் மதிப்புடன் (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) சான்றிதழ் வேண்டும். அதனால் இறக்கிய கோப்பில் ஓர் எழுத்தையும் திருத்தாதீர்கள். பணம் திசைமாறியது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணியும் பணத்தை இன்னொரு கணக்குக்குத் தள்ளிவிடும். முதல் வேலையாக, இன்றே உங்கள் விற்பனைக் கணக்கின் பயனர் பட்டியலைத் திறந்து பாருங்கள். வேலையை விட்டுப் போனவர் பெயர் இன்னும் அதில் இருந்தால் நீக்கிவிடுங்கள்.