தானாகக் கரையும் இமைப் புற்று

மேல் இமையில் சிவப்பும் ஊதாவும் கலந்த ஒரு கட்டி. வலி இல்லை; ஆனால் வாரத்துக்கு வாரம் பெரிதாகிறது. சிறு துணுக்கை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள்; இதுதான் பயாப்சி. புற்றுநோய் என்று முடிவு வருகிறது. அறுவை சிகிச்சைக்குக் குறித்த நாளில் நோயாளி வந்து உட்கார்ந்தால், கட்டி இருந்த சுவடே இல்லை. மிக அரிதாகத்தான் நடக்கிறது. ஆனாலும் மருத்துவ ஏடுகளில் பதிவான உண்மை இது.

மெர்க்கல் செல் புற்று

இப்படி மறைவதற்குப் பேர்போனது மெர்க்கல் செல் புற்றுநோய். 1972இல் சிரில் டோக்கர் என்ற மருத்துவர் இதை முதலில் விவரித்தார். வயதானவர்களுக்கு, வெயில் படும் முகத்திலும் கழுத்திலும் அதிகம் வரும். விரைவில் நெறிகட்டுகளுக்குப் பரவி உயிரைப் பறிக்கும் தோல் புற்று இது. இவ்வளவு கொடியது தானே கரைகிறது என்பதுதான் வியப்பு.

விடையின் ஒரு முனை 2008இல் கிடைத்தது. பிட்ஸ்பர்க்கில் யுவான் சாங், பேட்ரிக் மூர் குழுவினர் இந்தக் கட்டிகளுக்குள் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார்கள். வைரஸின் புரதம் உடலுக்கு அந்நியம். எதிர்ப்பணுக்கள் அதை அடையாளம் காண முடியும். கரைந்துகொண்டிருக்கும் கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தால் டி அணுக்கள் என்ற எதிர்ப்பணுக்கள் மொய்த்திருக்கின்றன. பயாப்சிக்காகக் கீறிய காயமே அவற்றை உசுப்பிவிடுகிறது என்று பலர் கருதுகிறார்கள். புற்று, எதிர்ப்பணுக்களின் கையைக் கட்டிவைக்கும். அந்தக் கட்டை அவிழ்க்கும் அவெலுமாப் மருந்துக்கு, இந்தப் புற்று பரவியவர்களுக்காக 2017இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது.

மறைந்தால் போதுமா?

போதாது. மேலே வற்றினாலும் அடியில் அணுக்கள் தங்கியிருக்கலாம். காதுக்கு முன்புறமும் தாடைக்குக் கீழும் நெறிகட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டி இருந்த இடத்தையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். கெரட்டோஅகாந்தோமா என்றொரு கட்டியும் உண்டு. நடுவில் குழிவிழுந்து, சில வாரங்களில் வளர்ந்து, சில மாதங்களில் தானே உதிரும். ஆனால் செதிள் செல் புற்றும் ஏறக்குறைய அதே தோற்றம் கொண்டது என்பதால், காத்திருக்காமல் அகற்றிவிடுவதே நல்லது.

நம் ஊர்க் கண்கட்டி

எனக்குள்ள கவலை வேறு. மேலைநாடுகளில் இமைப் புற்றில் பெரும்பகுதி அடித்தள செல் புற்று. இந்தியாவிலோ இமையின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தோன்றும் புற்று மிக அதிகம். கரையும் என்று அதை நம்பியிருக்க முடியாது. அது கண்கட்டி வேடம் போட்டு வரும். நாமக்கட்டியை இழைத்துப் பூசி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

சாதாரணக் கண்கட்டி பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். அதே இடத்தில் மறுபடி மறுபடி வந்தாலோ, அங்கே இமை முடி கொட்டினாலோ, இமை மஞ்சளாகத் தடித்தாலோ, ஒரு கண் மட்டும் சொட்டு மருந்துக்கு அடங்காமல் சிவந்தே இருந்தாலோ கண் மருத்துவரிடம் போங்கள். திரும்பி வந்த கட்டியைக் கீறி எடுத்தால், எடுத்த சதையைப் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.