தனியாக ஆடும் விளையாட்டில் குறுக்குவழி: யாருக்கு நட்டம்?

ஜுவல் சாங்கி 2019 ஏப்ரல் 17ஆம் தேதி திறக்கப்பட்டபோது, அங்கு ‘போக்கிமோன் சென்டர்’ கடையும் திறந்தது. அப்போது ஜப்பானுக்கு வெளியே இருந்த ஒரே கடை அதுதான். அங்குப் பொம்மை வாங்க வரும் பெற்றோரில் பலர், சிறுவயதில் அதே விளையாட்டில் குறுக்குவழி தேடியவர்களாக இருக்கலாம்.

1998ல் ஆங்கிலத்தில் வந்த போக்கிமோன் ரெட், புளூ விளையாட்டுகளில் ஒரு நிரல்பிழை உண்டு. ஊர் முதியவர் ஒருவரிடம் பாடம் கேட்டுவிட்டு நேரே சின்னபார் தீவுக்குப் பறந்து, அதன் கிழக்குக் கரையோரம் நீந்தினால் ‘மிஸ்ஸிங்நோ’ என்ற உருவம் தோன்றும். உடனே பையிலுள்ள ஆறாவது பொருள் 128 மடங்கு அல்ல, 128 எண்ணிக்கை கூடும். அந்த இடத்தில் ‘ரேர் கேண்டி’யை வைத்தால் போதும், பயிற்சியே வேண்டாம்.

இது ஏமாற்று வேலையா?

ஏமாற்ற எதிரே ஓர் ஆள் வேண்டும். நம் பாட்டிமார் தனியாக ஆடிய சீதைப்பாண்டியில் ஒரு சோழியை நகர்த்தி வைத்தால் யார் கேட்பார்? ‘வைஸ் சிட்டி’யில் ‘பேன்சர்’ என்று தட்டி பீரங்கி வண்டியை வரவழைத்தவர்களையும் யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. குறுக்குவழியை முதலில் வைத்தவர்களில் விளையாட்டை உருவாக்கியவர்களும் உண்டு. 1986ல் ‘கிரேடியஸ்’ விளையாட்டைச் சோதிக்கையில் அது தமக்கே கடினமாக இருந்ததால், கசுஹிசா ஹஷிமோட்டோ ஒரு பொத்தான் வரிசையை உள்ளே வைத்தார். மேல், மேல், கீழ், கீழ் என்று தொடங்கும் அதுவே ‘கொனாமி கோட்’. 2018ல் வந்த ‘செலஸ்ட்’ அதை ஒளித்துகூட வைக்கவில்லை. வேகத்தைக் குறைக்கவும், அடிபடாமல் ஆடவும் அமைப்புகளிலேயே வழி உண்டு. கைநடுக்கம் உள்ளவரும் அலுப்போடு வேலையிலிருந்து திரும்புபவரும் கதையை முடிக்க அது உதவும்.

சிக்கல் வேறிடத்தில் வருகிறது. வீட்டில் தனியாகத் திருத்திய போக்கிமோனைப் போட்டிக்குக் கொண்டுபோனால், எதிரே இருப்பவர் பல மணி நேரம் உழைத்து வளர்த்ததோடு அது மோதும். 2023 ஆகஸ்ட்டில் யோக்கோஹாமாவில் நடந்த உலகப் போட்டியில், அப்படித் திருத்தியவற்றைப் பயன்படுத்தியதற்காகச் சிலர் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். வளர்க்க நேரமில்லை என்பது அவர்கள் தரப்பு வாதம். அதில் ஓரளவு நியாயம் இருக்கலாம், ஆனால் நேரம் எதிராளிக்கும் அதே 24 மணிதான். பணம் புகுந்தால் நிலைமை இன்னும் மாறும். திருத்திய போக்கிமோன் தரவை விற்றதாக 2024ல் ஜப்பானில் ஓர் ஆடவர் கைதே செய்யப்பட்டார்.

பெற்றோர் கவலைப்பட வேண்டியது பெரும்பாலும் இன்னொன்று. விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் குறியீட்டால் கணினிக்கு ஆபத்தில்லை. ஆனால் ‘டிரெய்னர்’ என்ற பெயரில் யாரோ தரும் இலவசக் கோப்பைப் பதிவிறக்கினால், அதோடு மறைச்சொற்களைத் திருடும் தீநிரலும் வரலாம். பிள்ளை விளையாடும் அதே கணினியில்தான் பல வீடுகளில் வங்கிக் கணக்கும் திறக்கப்படுகிறது.