நூற்று வீதமும் அதன் பகுதியும்

நூற்றுக்கு இத்தனை என்று ஒருவர் கூறக் கேட்டவுடன் ஐயுறாது ஏற்றுக்கொள்ளுதல் நம்மனோர்க்கு இயல்பு. எதனுள் நூற்றுக்கு என்று வினவுவார் மிகச் சிலரே. வாணிக நிலையங்களிலும் அலுவலகங்களிலும் பெருங்கணக்குகளைப் படமாக்கிக் காட்டும் பவர் பிஐ, டேப்லோ, கிளிக்வியூ முதலிய மென்பொருள்களிற் சதவீதக் கோவை எழுதப் புகுவார் முதற்கண் விடை காணவேண்டிய வினா இதுவேயாம்.

பின்னத்தின் மேலெண்ணைத் தொகுதி என்றும் கீழெண்ணைப் பகுதி என்றும் கணக்கு நூலார் கூறுவர். (இலக்கணம் பயில்வார்க்குப் பகுதி என்றவுடன் பகுபதத்தின் முதலுறுப்பே நினைவிற்கு வரும். ஈரிடத்தும் அஃது அடிநிலையாய் நிற்றல் கருதத்தக்கது.) தொகுதி பிழைபடின் எவரேனும் கண்டுகொள்வர், பகுதி பிழைபடினோ படம் அழகாகவே தோன்றும். ஏழைக் கைம்பெண் இட்ட இரண்டு காசுகளை மற்றெல்லாருடைய காணிக்கையினும் மிகுதியென நம் ஆண்டவர் மதித்ததை யாவரும் அறிவர். காணிக்கைப் பெட்டியின் மொத்தத்தைப் பகுதியாகக் கொள்ளின் அக்காசுகள் பொருட்படா. அவளது உடைமையைப் பகுதியாகக் கொள்ளின் நூற்றுக்கு நூறு.

இனி உண்மைக் கணக்கொன்றை எடுத்துக்கொள்வோம். 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் அட்லாண்டிக் கடலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலைப் பற்றிய பிரிட்டிஷ் விசாரணைக் கணக்கு, புள்ளியியல் மாணவர் நெடுங்காலமாகப் பழகிவருவது. அதன்படி கப்பலில் இருந்தோர் 2201, பிழைத்தோர் 711. முதல் வகுப்பார் 325 பேருள் 203 பேரும், இரண்டாம் வகுப்பார் 285 பேருள் 118 பேரும், மூன்றாம் வகுப்பார் 706 பேருள் 178 பேரும், பணியாளர் 885 பேருள் 212 பேரும் உயிர் தப்பினர்.

பிழைத்தோர் 711 பேரையும் பகுதியாக வைத்துப் பட்டைப்படம் வரைந்தால், பணியாளர் பட்டையே யாவற்றினும் நெடிதாய் நிற்கும்: 29.8. முதல் வகுப்பார்க்கு 28.6. இதனை மட்டும் காண்பவன், பணியாளர் தம்முயிரை முந்திக் காத்துக்கொண்டனர் போலும் என்று எண்ணுவான். அவ்வவ் வகுப்பினர் தொகையையே பகுதியாக வைத்தாலோ முதல் வகுப்பு 62.5, இரண்டாம் வகுப்பு 41.4, மூன்றாம் வகுப்பு 25.2, பணியாளர் 24.0. உயர்ந்து நின்ற பட்டை கடைப்பட்டது. தொகுதியோ அதே 212 பேர்தாம். இறந்தார்மேற் பழி சுமத்துவதும் அதனை நீக்குவதும் கோவையின் கீழ்ப்பாதியிலேயே இருக்கின்றன.

பவர் பிஐ மென்பொருளில் இவ்விரண்டாம் படத்திற்குரிய கோவை வருமாறு (அட்டவணைப் பெயரைச் சுருக்கங் கருதி விடுத்துள்ளேன்):

டிவைட்( கால்குலேட்( [ஆட்கள்], நிலை = "பிழைத்தார்" ), [ஆட்கள்] )

டிவைட் என்பது வகுத்தற் செயல். கால்குலேட் என்பது ஒரு வடிப்பை ஏற்றி எண்ணுக என்னும் ஏவல். படத்தின் அச்சில் வகுப்பு இருத்தலால், ஒவ்வொரு பட்டைக்கும் அவ்வகுப்பாகிய வடிப்பு தானே வந்து தொகுதியையும் பகுதியையும் ஒருங்கே பற்றும். முதற்படம் வேண்டின், கீழே நிற்கும் [ஆட்கள்] என்பதற்கு மாறாக இதனை எழுதுதல் வேண்டும்:

கால்குலேட்( [ஆட்கள்], நிலை = "பிழைத்தார்", ஆல்( வகுப்பு ) )

ஆல் என்பது வகுப்பு வடிப்பைக் களைந்து எல்லா வகுப்பாரையும் கூட்டிவிடும். இலக்கண வழக்காற் கூறின், வடிப்பு பிரிநிலை ஏகாரம், ஆல் முற்றும்மை. பிழைத்தாரையே எண்ணுக, வகுப்பு நான்கையும் எண்ணுக என்பது கோவையின் கருத்து.

நிற்க. படம் காண்பவர் பக்கத்திலுள்ள தெரிவுப் பெட்டியிற் "குழந்தைகள்" என்பதைத் தொடுகின்றார் என்க. மூன்றாம் வகுப்பிலிருந்த குழந்தைகள் 79, பிழைத்தோர் 27. முதலிற் காட்டிய டிவைட் கோவை 34.2 என்று விடை தரும். ஆல்( வகுப்பு ) இட்ட கோவையோ, பிழைத்த குழந்தைகள் 57 பேரைப் பகுதியாக்கி 47.4 என்னும். வகுப்பு என்பதற்குப் பதிலாக அட்டவணை முழுவதையும் ஆல் என்பதனுள் இட்டுவிட்டால், குழந்தை வடிப்பும் கீழே அழிந்து 711 பகுதியாக, 3.8 என்று வரும். மென்பொருள் இம்மூன்றனுள் எதனையும் பிழையென்று கூறாது. மூன்றாவது அறியாமையால் நேர்வது. இரண்டாவதே எனக்கு அச்சம் தருவது, என்னை? அப்படத்தில் மூன்றாம் வகுப்புப் பட்டையே நெடிது. பிழைத்த குழந்தைகளுள் ஏறக்குறையப் பாதியர் மூன்றாம் வகுப்பினர் என்பது மெய். இக்கணக்கின்படி இறந்த குழந்தைகள் 52 பேரும் மூன்றாம் வகுப்பினரே என்பதும் மெய். படம் முன்னதை உரத்துக் கூறிப் பின்னதை மறைத்துவிடும்.

காண்பவர் பணியாளரை விலக்கிவிட்டுப் பயணிகளை மட்டும் தெரிந்தெடுத்தால், ஆல் அவ்விலக்கையும் மதியாது 711 பேரையே கொள்ளும். ஆல் செலக்டெட் என்பது அத்தெரிவை மதித்து 499 பேரைக் கொள்ளும். மூன்றாம் வகுப்பார் பங்கு முன்னதன்படி 25.0, பின்னதன்படி 35.7.

டேப்லோவில் ஃபிக்ஸ்டு என்னுங் கோவை, சாதாரண வடிப்புக்களுக்கு முன்னரே கணிக்கப்படும். ஆதலால் அவ்வடிப்பைச் சூழல் வடிப்பாக உயர்த்தினாலன்றி அதனைத் தீண்டாது. கிளிக்வியூவில் வளைவடைப்பினுள் 1 என்று இடின் பதிவு முழுவதும், $ என்று இடின் தெரிந்தெடுத்தவை மட்டும் கொள்ளப்படும். அச்சின் பிரிவையும் நீக்குதற்கு டோட்டல் என்னுஞ் சொல்லைச் சேர்த்தல் வேண்டும்.

மொத்தத்தைக் காட்டுமிடத்து வீதங்களைச் சராசரி செய்தலும் ஆகாது. மேற்கண்ட நான்கு வீதங்களின் சராசரி 38.3, உண்மை வீதம் 711-ஐ 2201-ஆல் வகுத்த 32.3.

குழந்தைகள் வடிப்பை இட்டபொழுது பணியாளர் வரிசை படத்தினின்று மறைந்துபோகக் காணலாம். பணியாளருட் குழந்தைகள் இன்மையிற் பகுதி வெறுமையாக, டிவைட் என்பது விடையை வெறுமையாகவே விடுகின்றது. இடம் காலியாயிருத்தல் நன்றாயில்லை என்று கருதி, டிவைட்டின் மூன்றாம் உறுப்பாகச் சுழியை இடுவாரும் உளர். அப்பொழுது பணியாளர்க்கு நேரே 0 என்று தோன்றும். காண்போர் அவர்தம் குழந்தைகள் ஒருவரும் பிழைத்திலர் என்று கொள்வர்.